படகு மரத் தேய்ப்புப் பொருள்களின் வரலாறு

படகு, கப்பல் ஆகியவற்றின் மரப்பகுதிகளிலிருந்து பழைய வார்னிஷை நீக்கவும், புதுப் பூச்சுக்கு மரத்தை ஆயத்தப்படுத்தவும், ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே மேற்பரப்பைச் சீராக்கவும் பயன்படும் சொரசொரப்பான பொருள்கள் தேய்ப்புப் பொருள்கள் எனப்படுகின்றன. சுறாத்தோல், மணற்கல், கண்ணாடித்தூள் ஒட்டிய தாள், கார்னெட் தாள், நீரில் நனைத்துத் தேய்க்கும் தாள், வெண்கல நார் என இவற்றின் வரிசை நீளமானது. இன்று பெருவழக்கில் உள்ள தாள் வகையைத் தமிழ்நாட்டுத் தச்சர்கள் உப்புத்தாள் என்பர். இலங்கையில் அரத்தாள் என்ற பெயர் வழங்குகிறது.

வீட்டு மேசைக்கும் கதவுக்கும் பயன்படும் தாள்தானே படகுக்கும் என்று தோன்றலாம். பெரும்பாலும் அதே தாள்தான். ஆனால் கடல் வேறுபாட்டை உண்டாக்குகிறது. வீட்டு மேசை வாழ்நாளில் இரண்டு மூன்று முறை தேய்க்கப்பட்டால் அதிகம். வார்னிஷ் பூசிய படகு மரமோ ஆண்டுதோறும் தேய்க்கப்படுகிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் சிறிது போகிறது, போனது திரும்புவதில்லை. ஆகவே படகுத்துறைகளில் தேய்ப்புப் பொருளின் வரலாறு, விரைவாகத் தேய்ப்பது எப்படி என்ற கேள்வியில் தொடங்கி, குறைவாகத் தேய்ப்பது எப்படி என்ற கேள்விக்கு வந்து சேர்ந்த வரலாறாக இருக்கிறது.

வெயிலும் வார்னிஷும்

நிறப் பூச்சில் உள்ள நிறமித்துகள்கள் ஒளியைத் தடுத்துவிடுகின்றன. வார்னிஷ் ஒளி ஊடுருவும் பூச்சு. மரத்தின் நிறமும் வரிகளும் தெரியவேண்டும் என்பதற்காகவே அது பூசப்படுகிறது. வெயிலின் புறஊதாக் கதிர் அதனூடே சென்று மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கிறது. மர இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின். அது சிதைந்தால், மேலே வார்னிஷ் நன்றாக இருந்தாலும் அடியில் அதற்குப் பிடிமானம் இல்லை. பூச்சில் ஒரு சிறு வெடிப்பு விழுந்ததும் நீர் உள்ளே புகுந்து பரவுகிறது. மரம் முதலில் வெளுக்கிறது, பிறகு கறுக்கிறது, பூச்சு செதிள் செதிளாக எழுகிறது.

இதைத் தவிர்க்க ஒரே வழி, பூச்சு கெடும் முன்பே அதன் மேற்பரப்பை இலேசாகத் தேய்த்து அதன்மேல் புதிய பூச்சு இடுவது. தேய்ப்பதால் பளபளப்பு போய் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அந்தக் கீறல்களில் புதுப் பூச்சு பற்றிக்கொள்கிறது. இந்த வேலையை இரண்டு பருவம் தள்ளிப்போட்டவர் பிறகு மரம் வெளியே தெரியும்வரை எல்லாவற்றையும் நீக்கவேண்டியிருக்கும். முழுமையாக உரித்தெடுக்கும் ஒரு வேலையில் இழக்கப்படும் மரம், பல ஆண்டு இலேசான தேய்ப்பில் இழக்கப்படும் மரத்தைவிட மிகுதி. சோம்பலின் விலையை மரம் கொடுக்கிறது.

எல்லாக் கடற்கரையிலும் இந்தச் சிக்கல் எழவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்து, கட்டவிழ்த்து, மரங்களை வெயிலில் காயவைத்துவிடுவார்கள்; பூச்சே இல்லாததால் தேய்ப்பும் இல்லை. வார்னிஷும் அதற்கான தேய்ப்பும் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பாய்க்கப்பல்களோடும் பின்னர் உல்லாசப் படகுகளோடும் வளர்ந்தவை.

தாளுக்கு முந்தைய காலம்

உளியும் இழைப்புளியும் விட்டுச்செல்லும் தழும்புகளை மழுங்கச் செய்ய மனிதர் முதலில் நாடியது இயற்கையில் கிடைத்த சொரசொரப்பை. முதலாம் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி, தட்டையான ஒருவகைச் சுறாவின் தோலால் மரமும் தந்தமும் மெருகிடப்படுவதைத் தம் இயற்கை வரலாற்று நூலில் குறிப்பிட்டுள்ளார். சுறாவின் தோலில் பல் போன்ற அமைப்புடைய நுண்செதில்கள் உள்ளன. வாலை நோக்கித் தடவினால் வழவழப்பாகவும், தலையை நோக்கித் தடவினால் அரம் போலவும் இருக்கும். மீன்பிடிக்கும் ஊரில் இது எளிதில் கிடைப்பது, நனைந்தாலும் கெடுவதில்லை. நனைந்தும் கெடாத ஒரு தாளைச் செய்ய மனிதருக்குப் பின்னர் எவ்வளவு காலம் பிடித்தது என்பதை நோக்கும்போது சுறாத்தோலின் அருமை விளங்கும்.

நிலத்தில் அதற்கு ஈடாகக் கிடைத்தது குதிரைவால் செடி. இது நாம் உண்ணும் குதிரைவாலி என்னும் சிறுதானியம் அன்று. நீர்நிலை ஓரங்களில் கணுக்கணுவாக வளரும், பூக்காத, பழமையான தாவர இனம். இதன் தண்டின் மேல்தோலில் சிலிக்கா படிந்திருக்கும். நெதர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு இது ஏற்றுமதியானதால் அங்கே டச்சு நாணல் என்று பெயர் பெற்றது. சப்பானில் இதே செடி தோகுசா என்ற பெயரில் மரமெருகுக்குப் பயன்படுகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் வளரும் பிராய் மரத்தின் சொரசொரப்பான இலையும் அதே வேலைக்கு உதவியது. எரிமலை நுரைக்கல்லைப் பொடித்து எண்ணெயோடு குழைத்துத் தேய்ப்பதும் பழைய முறையே.

எனினும் கப்பல்களில் இவை எல்லாவற்றையும்விட மிகுதியாகப் பயன்பட்டது சுரண்டி என்னும் எளிய இரும்புத் தகடு. பாய்மரங்களைச் சுரண்டி, சமையற்கூடத்தில் இறைச்சி வேகவைக்கும்போது திரளும் கொழுப்பைப் பூசுவது பாய்க்கப்பல் மாலுமிகளின் வழக்கமான வேலை. கப்பலின் பக்கங்களுக்கு மரப்பிசினும் டர்பன்டைனும் கலந்த பூச்சு இடப்பட்டது. நிறப் பூச்சு இல்லாமல் மரம் தெரிய விடப்பட்ட பகுதிகளைப் பளிச்சிடுபவை என்ற பொருள்படும் சொல்லால் ஆங்கிலேய மாலுமிகள் குறித்தனர். வார்னிஷ் பூசிய மரவேலைக்குப் பிரைட்வொர்க் என்று இன்றும் படகுத்துறைகளில் வழங்கும் பெயர் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

மண்டியிட்டுத் தேய்த்த கல்

கப்பலின் மேல்தளத்துக்கு வார்னிஷ் பூசுவதில்லை. ஈரத்தில் கால் வழுக்கும் என்பது முதற்காரணம். பலகைகளுக்கு இடையே சணல்நாரைத் திணித்துக் கீல் உருக்கி ஊற்றும் கலப்பற்று வேலை தளத்தில் நடந்திருக்கும். பலகைகள் காய்ந்து சுருங்கினால் அந்த இடைவெளி திறந்து நீர் ஒழுகும். ஆகவே கடல்நீரால் தளத்தை அடிக்கடி நனைப்பது தேவையான வேலை. நனைத்ததோடு விடாமல், மணலைத் தூவி மணற்கல்லால் தேய்த்து வெளுக்கச் செய்வதும் வழக்கமாயிற்று.

இந்த மணற்கல்லுக்கு ஹோலிஸ்டோன், அதாவது புனிதக்கல் என்று பெயர். பெயர்க்காரணம் பலவாறு சொல்லப்படுகிறது. மண்டியிட்டு வழிபடுவதுபோல் இருந்து தேய்ப்பதால் வந்த பெயர் என்பர் சிலர். பழைய தேவாலயத்தின் உடைந்த கற்களை எடுத்துப் பயன்படுத்தியதால் என்பர் வேறு சிலர். பெரிய கல்லை விவிலியம் என்றும், மூலைமுடுக்குகளுக்குப் பயன்பட்ட சிறிய கல்லை வழிபாட்டு நூல் என்றும் மாலுமிகள் அழைத்தனர். விடியற்காலையில் குளிர்ந்த நீரில் முழங்கால் நனைய இந்த வேலையைச் செய்தவர்கள் அந்தப் பெயர்களைப் பக்தியோடு வைத்திருக்க மாட்டார்கள். ஹார்வர்டு கல்லூரி மாணவராக இருந்த ரிச்சர்டு ஹென்றி டேனா 1834இல் பாஸ்டனிலிருந்து பில்கிரிம் என்ற கப்பலில் சாதாரண மாலுமியாகச் சென்று, 1840இல் வெளியிட்ட நூலில் தளம் தேய்க்கும் வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். கப்பலில் மாலுமிகளைச் சும்மா இருக்க விடாமல் வைத்திருப்பதும் அந்த வேலையின் நோக்கங்களுள் ஒன்று என்பது அவர் எழுத்திலிருந்து தெரிகிறது.

தேய்ப்புப் பொருள் மரத்தை எவ்வளவு தின்கிறது என்ற கேள்வி நிர்வாகக் கணக்காக மாறியது இருபதாம் நூற்றாண்டில். அன்றாடத் தேய்ப்பால் தளப்பலகைகள் விரைவில் மெலிந்து, அவற்றை மாற்றும் செலவு பராமரிப்பு நிதிக்குப் பெரும் சுமையாகிவிட்டது என்ற காரணத்தால், 1931இல் அமெரிக்கக் கடற்படை புனிதக்கல் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. அழுக்கு நீங்கவேண்டும் என்பதற்காகத் தளத்தையே நீக்கிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம். ஆணைக்குப் பிறகும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் அயோவா வகைப் போர்க்கப்பல்களின் தேக்குத் தளங்களில், நடுவே குழி தோண்டிய கல்லில் ஒரு கம்பைப் பொருத்தி, வரிசையாக நின்று மாலுமிகள் தேய்த்தனர். முழங்கால் தப்பியது.

தாளும் வச்சிரமும்

பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீனாவில் நொறுக்கிய சிப்பி, விதை, மணல் ஆகியவற்றை இயற்கைப் பிசினால் தோல்தாளில் ஒட்டிப் பயன்படுத்தினர் என்று கூறப்படுகிறது. ஆனால் தொழிற்சாலைப் பொருளாக உப்புத்தாள் தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். இலண்டனில் ஜான் ஓக்கி 1833இல் கண்ணாடித்தாள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஐசக் ஃபிஷர் என்பவர் 1834இல் உப்புத்தாள் தயாரிப்புக்குக் காப்புரிமைகள் பெற்றார்.

ஏன் கண்ணாடி? ஆற்று மணலும் கடல் மணலும் நீரால் உருட்டப்பட்டு முனை மழுங்கியவை. கண்ணாடியை நொறுக்கினால் கத்தி போன்ற விளிம்புகள் கிடைக்கும். குறை என்னவென்றால் அது எளிதில் நொறுங்கும். சிறிது நேரத்தில் தாளில் வெறும் தூள் மிஞ்சும். ஃப்ளிண்ட் என்னும் தீக்கல் சற்று மேலானது.

பெரிய சிக்கல் துகளில் அன்று, பசையில் இருந்தது. அக்காலத் தாள்களில் துகள்களைப் பிடித்திருந்தது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். நம் தச்சர்கள் கட்டி வாங்கி நீரில் ஊறவைத்துக் காய்ச்சிப் பயன்படுத்திய அதே வச்சிரம்தான். நீர் பட்டால் அது இளகும். துறைமுகத்தின் ஈரக்காற்றே போதும். தாள் துவண்டு, துகள்கள் உதிரும். வேலை தொடங்கும் முன் தாளை அடுப்பருகே காட்டி உலர்த்திக்கொள்வது பழைய தச்சர்களின் பழக்கம். நீரின் மேல் நடக்கும் தொழிலுக்கு நீர் பட்டால் கெடும் தாள் என்ற இந்த முரண்பாடு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் தொடர்ந்தது.

இடையில் துகளில் ஒரு நல்ல முன்னேற்றம் ஏற்பட்டது. ஹென்றி ஹட்சன் பார்ட்டன் என்பவர் 1878இல் நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலைப்பகுதியில் கார்னெட் வெட்டியெடுக்கத் தொடங்கினார். கார்னெட் செந்நிற மணிக்கல். அங்கே ஓர் அடி விட்டத்துக்கும் மேற்பட்ட படிகங்கள் கூடக் கிடைத்தன. அணிகலனுக்கு உதவாத அந்தக் கற்களை நொறுக்கித் தாளில் ஒட்டியபோது அரிய பண்பு ஒன்று வெளிப்பட்டது. தேய்க்கத் தேய்க்க அதன் துகள் பிளந்து புதிய கூர்முனைகளைத் தருகிறது. அதே சமயம் படிப்படியாக மென்மையடைந்து, மரத்தில் ஆழ்ந்த கீறலை விடுவதில்லை. வெறும் மரத்தைக் கையால் தேய்த்து முடிக்க கார்னெட் தாளுக்கு இணை இல்லை என்று கருதும் படகுத் தச்சர்கள் இன்றும் உள்ளனர். அவர்கள் கருத்து பழமைப் பற்று மட்டும் அன்று.

தமிழகத்தின் தென்கடற்கரை மணலிலும் கார்னெட் உண்டு. ஆனால் அலைகளால் புரட்டப்பட்டு அதன் முனைகள் மழுங்கியிருப்பதால், தாள் செய்வதைவிட, காற்றழுத்தத்தால் வீசி இரும்புக் கப்பல்களின் துருவை நீக்கவும், நீர்த்தாரையோடு கலந்து உலோகம் வெட்டவும் அது ஏற்றதாயிற்று. கடற்கரைக் கனிம மணல் எடுப்பதைத் தமிழக அரசு 2013இல் நிறுத்திவைத்தது.

குருந்தம்: ஒரு தமிழ்ச் சொல்லின் பயணம்

வைரத்துக்கு அடுத்த கடினம் உடைய இயற்கைக் கனிமம் குருந்தம். மாணிக்கமும் நீலமும் இதன் தூய வடிவங்கள். மங்கலான வகையைப் பொடித்து, அரக்கோடு சேர்த்துச் சாணைக்கல் செய்வது இந்தியாவில் தொன்றுதொட்டு வந்த தொழில். வாள் தீட்டவும் மணிக்கல் பட்டை தீட்டவும் அது பயன்பட்டது. சேலம், தருமபுரிப் பகுதிகளில் குருந்தம் கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கல் தென்னிந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது. சார்லஸ் கிரெவில் 1798இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஆசியாவின் குருந்தக்கல் பற்றிக் கட்டுரை எழுதினார். கல்லோடு பெயரும் சென்றது. ஆங்கிலத்தில் கொரண்டம் என வழங்கும் சொல், தமிழ்க் குருந்தமே.

இந்தச் சொல்லின் பாதி வேறொரு பெயருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. 1891இல் அமெரிக்கர் எட்வர்டு அச்செசன், களிமண்ணையும் கரியையும் கலந்து மின்சாரத்தால் கடுமையாகச் சூடாக்கியபோது, மின்னும் கடினமான படிகங்கள் கிடைத்தன. கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று அவர் எண்ணியதால் கார்பன், கொரண்டம் ஆகிய இரு சொற்களையும் இணைத்துக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். உண்மையில் அதில் குருந்தம் இல்லை. அது சிலிக்கான் கார்பைடு. பிழையான ஊகத்தால் பிறந்த பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் சென்னையில் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரில் அது இன்றும் வழங்குகிறது. குருந்தம் இந்த மண்ணிலிருந்து புறப்பட்டு, நயாகரா அருவியின் மின்சாரத்தில் வேறு பொருளுக்குப் பெயராகி, திரும்பவும் இங்கேயே வந்து சேர்ந்தது என்பது மொழி மாணவர்கள் அறியத்தக்க செய்தி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயற்கைக் குருந்தமும், அதாவது அலுமினியம் ஆக்சைடும், பெருமளவில் உருவாக்கப்பட்டது. படகு வேலைக்கு இவை இரண்டின் வேறுபாடு முக்கியமானது. அலுமினியம் ஆக்சைடு உறுதியானது, எளிதில் உடையாது. வெறும் மரத்தைத் தேய்க்க, குறிப்பாக இயந்திரத்தில் பொருத்தித் தேய்க்க ஏற்றது. சிலிக்கான் கார்பைடு அதைவிடக் கடினமானது, கூரியது, ஆனால் நொறுங்கக்கூடியது. காய்ந்த வார்னிஷ் படலத்தைத் தேய்க்க அந்தக் கூர்மையே தேவை. வெறும் மரத்தில் அதைப் பயன்படுத்துவது வீண்செலவு.

நீரில் நனையும் தாள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1902இல் ஐவர் சேர்ந்து தொடங்கிய ஒரு நிறுவனம், சுப்பீரியர் ஏரிக்கரையில் குருந்தம் கிடைத்ததாக நம்பிச் சுரங்கம் தோண்டியது. கிடைத்தது குருந்தம் அன்று. தேய்ப்புக்கு உதவாத வேறு பாறை. பிழைப்புக்காக அவர்கள் வெளியிலிருந்து துகள் வாங்கி உப்புத்தாள் செய்யலாயினர். அந்த நிறுவனமே பின்னாளில் 3எம் என்று பெயர்பெற்றது.

1914இல் அவர்களின் தாளிலிருந்து துகள்கள் உதிர்வதாகப் புகார்கள் குவிந்தன. துகள்களை நீரில் போட்டுப் பார்த்தபோது மேலே எண்ணெய் மிதந்தது. ஸ்பெயினிலிருந்து கார்னெட் மூட்டைகளை ஏற்றிவந்த கப்பலிலேயே ஒலிவ எண்ணெய்ப் பீப்பாய்களும் இருந்தன. புயலில் பீப்பாய்கள் உடைந்து எண்ணெய் மூட்டைகளை நனைத்துவிட்டது. எண்ணெய் படிந்த துகளைப் பசை பிடிக்காது. கார்னெட்டை வறுத்து எண்ணெயை நீக்கினார்கள். மூலப்பொருளைச் சோதிக்காமல் வாங்கக்கூடாது என்ற பாடம் 1916இல் ஓர் ஆய்வகமாக உருவெடுத்தது.

அதே நிறுவனத்துக்கு, ஃபிலடெல்ஃபியாவில் அச்சுமை தயாரித்துவந்த ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவரிடமிருந்து, தாங்கள் பயன்படுத்தும் எல்லா அளவுத் துகள்களிலும் மாதிரி அனுப்புமாறு ஒரு கடிதம் வந்தது. மை தயாரிப்பவருக்கு இது எதற்கு என்று வியந்து விசாரித்ததில், நீரில் கரையாத பசையால் துகளை ஒட்டும் முறையை அவர் கண்டுபிடித்திருந்தது தெரிந்தது. உரிமையை வாங்கிய நிறுவனம் அவரையும் பணியில் சேர்த்துக்கொண்டது. 1921இல் வெட்டார்டிரை என்ற பெயரில், நனைத்தும் நனைக்காமலும் பயன்படுத்தக்கூடிய சிலிக்கான் கார்பைடுத் தாள் விற்பனைக்கு வந்தது. முதலில் அதை விரும்பி வாங்கியவர்கள் மோட்டார்க் காருக்கு வண்ணம் பூசுவோர். அக்காலப் பூச்சுகளில் ஈயம் இருந்தது. உலர்ந்த தாளால் தேய்த்தபோது ஈயத்தூசு மூச்சில் கலந்தது. நனைத்துத் தேய்த்ததும் தூசு சேறாக வழிந்துவிட்டது.

படகுத்துறைகளுக்கு இதனால் இரட்டை நன்மை. தூசு அடங்கியது, தாளின் இடுக்குகளில் வார்னிஷ் தூள் அடைத்துக்கொள்ளாமல் நீர் அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் கிரிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் மகோகனி மோட்டார்ப் படகுகள் 1920களிலும், இத்தாலியின் இசேயோ ஏரிக்கரையில் உருவான ரீவா அக்வராமா படகுகள் 1962 முதலும் கண்ணாடிபோல் மின்னியதற்கு, பல அடுக்கு வார்னிஷும் ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே பொறுமையான தேய்ப்பும் காரணம். மகோகனிக்கு முதலில் சாயம் ஏற்றிப் பிறகே வார்னிஷ் பூசுவர். ஓரங்களில் ஒரு முறை கூடுதலாகத் தேய்த்தால் வார்னிஷையும் கடந்து சாயம் போய்விடும். வெளிறிய அந்த இடம் எத்தனை பூச்சு இட்டாலும் மறையாது. அதனால்தான் ஓரங்களைக் கடைசியில், தேய்ந்து பழசான தாளால், விரல்நுனியால் தொடுவதுபோல் தேய்க்க வேண்டும் என்று கற்றுத்தரப்படுகிறது. வெறும் மரத்துக்கு மட்டும் நனைத்துத் தேய்ப்பது பொருந்தாது; மரம் நீரை உறிஞ்சி இழைகள் எழும்பிவிடும்.

எஃகு நாரின் துரு

செதுக்குவேலையுள்ள இடங்களிலும் வளைவுகளிலும் தாள் நுழையாது. வீட்டு மரச்சாமான்களுக்கு அத்தகைய இடங்களில் நுண்ணிய எஃகு நாரைப் பயன்படுத்துவர். படகில் அது பெருந்தீங்கு. கண்ணுக்குத் தெரியாத எஃகுத் துணுக்குகள் மரத்தின் நுண்துளைகளில் தங்கி, உப்புக்காற்றில் துருப்பிடித்து, சில வாரங்களில் வார்னிஷுக்கு அடியில் பழுப்புப் புள்ளிகளாக மலரும். ஓக் போன்ற துவர்ப்புச் சத்து மிக்க மரங்களில் இரும்பு கருநீலக் கறையாகவே மாறிவிடும். மீண்டும் எல்லாவற்றையும் உரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இதனால் படகுக்கடைகளில் வெண்கல நார் விற்கப்பட்டது. விலை கூடுதல், துரு இல்லை. 1950களின் இறுதியில் நைலான் இழைகளில் துகள் பதித்த மெத்தைத் திண்டு வந்தபின் வெண்கல நாரின் தேவை குறைந்தது.

எண்களின் குழப்பம்

தாளின் பின்புறம் அச்சிட்ட எண், ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் உள்ள சல்லடையில் துகள் சலிக்கப்பட்டது என்பதை அடிப்படையாகக் கொண்டது. எண் கூடினால் துகள் நுண்மையாகும். இந்த முறை பரவுவதற்கு முன் ஆங்கிலேயக் கண்ணாடித்தாளில் மிக நுண்ணியது மாவு என்ற பெயரால் குறிக்கப்பட்டது. அதற்கு மேல் சுழியங்களும் சிறு எண்களும். அமெரிக்காவில் ஆறு சுழியத் தாள் என்றால் இன்றைய 220. நான்கு சுழியம் 150. இரண்டு சுழியம் 100. பழைய கையேடுகளைப் படிப்போர் இதை அறிந்திருக்கவேண்டும்.

இன்றும் இரு முறைகள் உள்ளன. எண்ணுக்கு முன் பி என்ற எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவு. இல்லாவிட்டால் அமெரிக்க அளவாக இருக்கலாம். 220 வரை இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அதற்கு மேல் பிரிகின்றன. ஐரோப்பிய பி 400 அமெரிக்க 320க்கும், பி 800 அமெரிக்க 400க்கும் நெருக்கமானவை. எண்ணை மட்டும் பார்த்து மாற்றி வாங்கினால், மிக நுண்ணிய தாளால் வார்னிஷைத் தேய்த்து அடுத்த பூச்சுக்குப் பிடிமானம் இல்லாமல் செய்துவிடுவதும், அல்லது கீறல் தெரியும்படி விட்டுவிடுவதும் நேரும்.

வழக்கமான வரிசை இது: வெறும் மரத்துக்கு 80இல் தொடங்கி 120, பிறகு 150 அல்லது 180; வார்னிஷ் அடுக்குகளுக்கு இடையே 220 முதல் 320 வரை. படிகளைத் தாண்டக்கூடாது. 80 விட்ட கீறலை 220 நீக்காது, மழுப்பும். வார்னிஷ் பூசியதும் அந்தக் கீறல் உருப்பெருக்கியில் பார்ப்பதுபோல் எழுந்து நிற்கும். எப்போதும் இழையோட்டத்தின் திசையிலேயே தேய்க்கவேண்டும் என்பதும் அதே காரணத்தால்தான்.

இயந்திரமும் தூசும்

1926இல் அமெரிக்காவின் போர்ட்டர் கேபிள் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லக்கூடிய, பட்டை சுழலும் மின் தேய்ப்பு இயந்திரத்தை வெளியிட்டது. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒரு நாள் தவறும் ஒரு நொடியில் முடிந்தது: இயந்திரம் ஓரிடத்தில் சற்று நின்றுவிட்டால் அங்கே பள்ளம் விழும், ஒட்டுப்பலகையாக இருந்தால் மேலடுக்கே போய்விடும். பின்னர் வந்த, சுழன்றுகொண்டே ஒழுங்கற்று அலையும் தட்டு இயந்திரங்கள் அவ்வளவு முரடல்ல.

பழைய வார்னிஷை முழுமையாக நீக்கும் வேலைக்குத் தாளும் இயந்திரமும்தான் முதல் தேர்வு என்று நினைப்பது பொதுவான தவறு. தேய்ப்பின் சூட்டில் பழைய வார்னிஷ் இளகித் தாளை அடைத்துவிடும். பத்துத் தாள் வீணாகும். அனுபவமுள்ளவர்கள் வெப்பக்காற்றால் பூச்சை இளக்கி, கூர்தீட்டிய சுரண்டியால் உரித்துவிட்டு, கடைசியில் மட்டும் தாளைத் தொடுவர். சுரண்டி பூச்சை எடுக்கிறது. தாள் பூச்சோடு மரத்தையும் எடுக்கிறது. பாய்க்கப்பல் மாலுமியின் பழைய இரும்புத் தகடு இன்றும் முதலிடத்தில் இருப்பது இதனால்தான்.

இயந்திரத்தின் பெருந்தீமை தூசு. கைத்தேய்ப்பில் கீழே விழுந்த தூள், இயந்திரத் தேய்ப்பில் காற்றில் மிதக்கும் நுண்தூசானது. பழைய படகுகளில் செவ்வீயப் பூச்சு இருக்கும். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் பூச்சில் செம்பு நச்சு உண்டு. அதில் சேர்க்கப்பட்டுவந்த டிரைபியூட்டைல் டின் என்னும் கொடிய நச்சு, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தபின் உலகளவில் தடையானது. மரத்தூசும் தீங்கற்றது அன்று. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 1995இல் சேர்த்தது. தேக்குத் தூசு பலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும். வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் தேய்க்கும் தொழிலாளர்களுக்கு அந்தத் துணி போதிய காப்பு அன்று; நுண்தூசைத் தடுக்கும் முகக்கவசமும், இயந்திரத்தோடு இணைத்த உறிஞ்சியும் தேவை.

தேக்கு

கப்பல் மரங்களில் தேக்கு தனித்தன்மை உடையது. ஓக் மரம் அரிதாகிவந்த காலத்தில் பிரித்தானியக் கடற்படை பம்பாயில் தேக்கால் கப்பல் கட்டுவித்தது. 1817இல் அங்கே கட்டிமுடிக்கப்பட்டு, இலங்கைத் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கின் எண்ணெய்ச் சத்து அதை நீரிலிருந்து காக்கிறது. அதே எண்ணெய் உப்புத்தாளை அடைக்கிறது. மரத்திலுள்ள சிலிக்கா கருவிகளின் முனையை மழுக்குகிறது. ஆகவே தேக்குக்குத் துகள்கள் இடைவெளிவிட்டு ஒட்டப்பட்ட தாள் தேவை. தேய்த்தபின் கரைப்பானில் நனைத்த துணியால் மேற்பரப்பு எண்ணெயைத் துடைத்து, அது மீண்டும் கசியும் முன் முதல் வார்னிஷைப் பூசிவிட வேண்டும்.

இன்றைய உல்லாசப் படகுகளின் தேக்குத் தளம் பழைய கப்பல்களின் தளத்தைப்போல் தடித்த பலகை அன்று. அடித்தளத்தின்மேல் பதித்த மெல்லிய பட்டைகளே. பட்டைகளை இறுக்கும் திருகாணிகளின் தலைகளை மறைக்க மரக்குமிழ்கள் வைத்து அடைத்திருப்பர். தளம் வெளுத்துவிட்டது என்று ஆண்டுதோறும் இயந்திரத்தால் தேய்த்தால் அந்தக் குமிழ்கள் மெலிந்து, ஒரு நாள் பெயர்ந்து, திருகாணித் தலை வெளியே தெரியும். நீர் அதன் வழியே கீழிறங்கும். அதனால் நல்ல படகுத் தச்சர், தளத்தைத் தேய்த்துத் தருமாறு கேட்டு வருபவரிடம் உடனே தாளின் எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் மெல்லிய அளவுகோலை இறக்கி, இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மரம் மிஞ்சியிருக்கிறது என்று முதலில் பார்க்கிறார்.